கரடி பொம்மைக்கும் எக்ஸ்ரே உண்டு

ஜெர்மனியில் ஹைடல்பெர்க், மியூனிக், பெர்லின் என்று மருத்துவக் கல்லூரி உள்ள பல ஊர்களில் ஒரு விசித்திரமான ஆஸ்பத்திரி நடக்கிறது. வருடத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கும். வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்கள். ஆனால் நோயாளிகள் அவர்கள் இல்லை. அவர்கள் கையில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கும் கரடி, முயல், ஒட்டகச்சிவிங்கி, காது பிய்ந்த நாய்க்குட்டி, இவைதான் நோயாளிகள். அந்தப் பிள்ளைகள் நோயாளியை அழைத்து வந்திருக்கும் அம்மாக்கள், அப்பாக்கள்.

டாக்டர்கள் எல்லோரும் மருத்துவக் கல்லூரி மாணவர்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் நோட்டு. பொம்மைதானே என்று யாரும் ஏனோதானோ என்று பார்ப்பதில்லை. முதலில் பெயர்ப்பதிவு. பிறகு விசாரணை. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“முயலுக்கு என்ன ஆச்சு?”

“கீழே விழுந்திருச்சு.”

“எங்கேயிருந்து?”

“கட்டில்ல இருந்து. நான் தள்ளல. தானா விழுந்திருச்சு.”

“சரி. ராத்திரி தூங்குச்சா? ஏதாவது சாப்பிட்டுச்சா?”

“கேரட் மட்டும்.”

டாக்டர் ‘கேரட்’ என்று நோட்டில் எழுதிக்கொள்வார். எடை பார்ப்பார், உயரம் பார்ப்பார். ஸ்டெதாஸ்கோப்பை முயலின் மார்பில் வைத்து, மறுமுனையைப் பிள்ளையின் காதில் மாட்டிவிடுவார். அடுத்தது எக்ஸ்ரே அறை. அங்கே இருக்கும் இயந்திரம் அட்டைப்பெட்டியில் செய்தது. முயலை உள்ளே படுக்க வைத்துச் சற்று நேரம் காத்திருந்தால் எலும்புப் படம் வெளியே வரும். (அது முன்பே வரைந்து வைத்த படம். யாரும் கேட்பதில்லை.) எலும்பு முறிந்திருந்தால் கட்டுப் போடுவார்கள். காது பிய்ந்திருந்தால் ஆபரேஷன். நிஜ ஊசி, நிஜ நூல், முகமூடி, எல்லாம் உண்டு. கடைசியில் மருந்துச் சீட்டு.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கி ஜெர்மனிக்கு வந்த பழக்கம் இது. விளையாட்டுக்கு நடுவே ஒரு பயிற்சியும் நடக்கிறது. ஊசி, முகமூடி, இயந்திரச் சத்தம் எல்லாவற்றையும் பிள்ளை கிட்டேயே இருந்து பார்க்கிறது. ஆனால் எதுவும் அதன் உடம்பைத் தொடவில்லை. கேள்வி கேட்கும் உரிமையும் “இந்த மருந்து வேண்டாம்” என்று சொல்லும் உரிமையும் அதனிடமே இருக்கின்றன. நாளைக்கு அந்தப் பிள்ளையே காலை உடைத்துக்கொண்டு நிஜ ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே இருப்பது ஏற்கெனவே பார்த்த சாமான்கள்.

இதனால் பயம் உண்மையிலேயே குறைகிறதா? இஸ்ரேலில் இதையே சோதித்துப் பார்த்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொம்மை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பாலர் பள்ளிப் பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். போய்வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி பற்றிய பயம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பயத்தை அளக்கலாம், அளந்து குறைக்கலாம் என்று நினைத்தார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கரடி பொம்மைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு பழைய உறவு இருக்கிறது. தெற்கு ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847இல் மார்கரெட்டே ஷ்டைஃப் என்ற பெண் பிறந்தார். ஒன்றரை வயதில் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் போனது, இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டுபோனது. வலது கையைத் தூக்குவதும் கஷ்டம். இளம்பிள்ளைவாதம், அதாவது போலியோ. அந்த நோயைப் பற்றி அதற்குச் சில வருடங்கள் முன்புதான், 1840இல், பக்கத்து வட்டாரமான கான்ஷ்டாட்டைச் சேர்ந்த யாக்கோப் ஹைனே என்ற மருத்துவர் முதன்முதலாக விரிவாக எழுதியிருந்தார். அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டுபிடிக்க 1908 ஆகிவிட்டது.

சிறுமியாக இருந்தபோது மார்கரெட்டேயை லுட்விக்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். காலில் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்க மட்டும் வரவில்லை. கைவண்டியில் உட்கார்ந்தே பள்ளிக்குப் போனார், தையல் படித்தார். வலது கையால் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்ற முடியாது. என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்துக்கொண்டு இடது கையால் சுற்றினார்! 1880இல் குண்டூசி செருகி வைக்கக் கம்பளித் துணியில் சின்ன யானை ஒன்று தைத்தார். குண்டூசியை எடுத்துப் போட்டுவிட்டுக் குழந்தைகள் யானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே பிறந்தது பொம்மைத் தொழிற்சாலை. அவருடைய தம்பியின் பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட், 1902இல் கைகால் அசையும் கரடி ஒன்றை வடிவமைத்தார். மறுவருடம் லைப்சிக் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி அதைப் பார்த்துவிட்டு 3000 கரடிகள் வேண்டும் என்றார். அந்த 3000 கரடிகள் கடைசியில் என்ன ஆயின என்பது இன்றும் புதிர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளைகள் கட்டிக்கொண்டு படுக்கும் கரடியை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழுந்த ஒருவரின் பட்டறைதான் உலகத்துக்கு அனுப்பியது.

சரி, பயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. “சாப்பிடலேன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்!” கேட்டிருப்பீர்கள். இது நம் ஊர் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1840களில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஹைன்ரிச் ஹோஃப்மன் என்ற டாக்டர் இருந்தார். குறும்பு செய்தால் டாக்டர் வந்து கசப்பு மருந்து கொடுப்பார், அட்டையைக் கடிக்க விடுவார் என்று ஜெர்மானியப் பெற்றோர் பிள்ளைகளை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவரே புலம்பி எழுதியிருக்கிறார். அட்டை என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டைதான். அன்றைக்கு அதுவும் ஒரு சிகிச்சை. இப்படி மிரட்டி வளர்த்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, டாக்டர் வீட்டுக்குள் நுழைந்தால்? அலறல்தான். அலறும் பிள்ளைக்கு நாடி பார்ப்பது எப்படி, வயிற்றை அமுக்கிப் பார்ப்பது எப்படி?

ஹோஃப்மன் ஒரு தந்திரம் செய்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலால் மளமளவென்று ஒரு பையனை வரைவார். வரைந்துகொண்டே கதை சொல்வார். இந்தப் பையன் முடி வெட்டிக்கொள்ள மாட்டான், நகமும் வெட்டிக்கொள்ள மாட்டான். முடி வளர்கிறது, பென்சில் இழுக்கிறது. நகம் வளர்கிறது, பென்சில் இன்னும் இழுக்கிறது. கடைசியில் பையனையே காணோம், முடியும் நகமும்தான் தாள் முழுக்க. பிள்ளை அழுகையை மறந்து தாளையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டாக்டர் நாடி பார்த்துவிடுவார், உடம்புச் சூடு பார்த்துவிடுவார், வயிறு வலிக்கிறதா என்று தொட்டும் பார்த்துவிடுவார்.

1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்கு நல்ல படப்புத்தகம் ஒன்று வாங்கக் கடைகடையாக ஏறினார் ஹோஃப்மன். எதுவும் பிடிக்கவில்லை. வெற்று நோட்டு ஒன்றை வாங்கிவந்து தானே எழுதி வரைந்தார். அந்த முடிக்காரப் பையனும் அதில் வந்தான். மறுவருடம் அச்சான அந்தப் புத்தகம், ‘ஷ்ட்ரூவல்பேட்டர்’, உலகமெங்கும் பரவியது. இன்று அதைப் புரட்டினால் எனக்கே கொஞ்சம் நடுக்கம்தான். விரல் சூப்பும் பையனின் கட்டைவிரலை ஒரு தையல்காரர் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்! பயத்தைப் போக்கத் தெரிந்த டாக்டருக்குப் பயமுறுத்தவும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அவருடைய பென்சில் வித்தையில் பெரிய அறிவியல் ஒளிந்திருந்தது. அது என்ன என்று பார்க்க, வலி எப்படிப் பயணம் செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாற்காலிக் காலில் பெருவிரலை இடித்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் ‘சுரீர்’. பிறகு ஒரு நொடி கழித்து ‘விண் விண்’ என்று இன்னொரு வலி மெதுவாக ஏறும். இரண்டும் இரண்டு வகை நரம்பு இழைகளில் வருகின்றன. சுரீர் வலி வரும் இழை கொஞ்சம் தடிமன். செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். விண்விண் வலி வரும் இழை மிக மெல்லியது. நொடிக்கு இரண்டு மீட்டர் போனாலே பெரிது. கால் விரலிலிருந்து வருவதால் நேர வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடுத்தமுறை இடித்துக்கொண்டால் கவனித்துப் பாருங்கள். வேண்டுமென்றே இடித்துக்கொள்ள வேண்டாம்!

இரண்டு செய்தியும் நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. நடுவே முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தில் ஒரு கைமாற்றம் நடக்கிறது. அந்த இடத்தில் ஒரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள், 1965இல். தடவுவது, தொடுவது போன்ற செய்திகள் இன்னும் வேகமான இழைகளில் வந்து அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடும். அதனால்தான் இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறது. பாட்டி “எங்கே, காட்டு” என்று தடவிக்கொடுப்பது வெறும் ஆறுதல் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் கதவை மேலிருந்து மூளையும் சாத்தலாம், திறக்கலாம் என்பது அவர்கள் கருத்தின் இன்னொரு பகுதி.

மேலிருந்து மூளை சாத்துவதை நேரில் பார்க்க முடியுமா? ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்த்தார்கள். பெரியவர்கள் சிலர் சோதனைக்கு ஒப்புக்கொண்டு ஸ்கேன் இயந்திரத்தில் படுத்தார்கள். கையில் சுரீர் என்று சூடு வைக்கப்பட்டது. காயம் ஆகாத அளவு சூடு. கூடவே ஒரு ஞாபக விளையாட்டு. சிலமுறை எளிது, சிலமுறை மண்டையைக் குடையும் கஷ்டம். கஷ்டமான விளையாட்டில் மூழ்கியிருந்தபோது, அதே சூடு குறைவாக வலித்தது என்றார்கள். இதுவரை ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஸ்கேனைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: தண்டுவடத்திலேயே வலிச் செய்தி குறைந்திருந்தது. அதாவது மூளை ‘வேறு வேலையாக இருந்ததால் கவனிக்கவில்லை’ என்பது முழுக் கதை இல்லை. செய்தியே குறைவாகத்தான் மேலே வந்திருக்கிறது.

அடுத்து, நம் உடம்பு தானே சுரக்கும் வலிமருந்துகளைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். விளையாட்டால் கிடைத்த நிவாரணத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் காணாமல் போனது. விளையாடும்போது உடம்பு தனக்குத் தானே வலிமருந்து போட்டுக்கொள்கிறது என்று இதற்குப் பொருள். இந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஹோஃப்மனின் பென்சிலுக்கு விளக்கம் கிடைக்க நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது.

இப்போது குழந்தைகள் வார்டில் நர்ஸ் அக்கா ஊசி போடும் முன் சோப்புக் குமிழி ஊதச் சொல்வது ஏன் என்று புரிகிறதா? குமிழி கவனத்தை இழுக்கிறது. அதோடு, குமிழி உடையாமல் பெரிதாக வர மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். நீளமாக மூச்சை விட்டால் படபடக்கும் இதயம் கொஞ்சம் நிதானத்துக்கு வரும். ஒரே குமிழியில் இரண்டு வேலை.

கதவு திறக்கவும் செய்யும் என்றேன் அல்லவா? பயந்து, உடம்பை இறுக்கி, ஊசியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வலி கூடும். அதைவிட மோசம் ஏமாற்றுவது. “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்தினால், அடுத்தமுறை “பல் மட்டும் பார்க்கிறேன்” என்று சொன்னால்கூடப் பிள்ளை நம்பாது. “எறும்பு கடிக்கிற அளவுக்கு வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்” என்று உள்ளதைச் சொல்வது நல்லது. டாக்டர் ஊசியைக் காட்டி மிரட்டும் பெரியவர்கள் யாராவது இந்த இதழைப் புரட்டினால், இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்கட்டும்.

வேதியியலும் உதவிக்கு வருகிறது. ஜெர்மன் குழந்தைகள் வார்டுகளில் ‘மந்திர பிளாஸ்திரி’ என்று ஒன்று உண்டு. ஊசி போடப்போகும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிடுவார்கள். அடியில் இருப்பது வெள்ளைக் களிம்பு. லிடோகெய்ன், ப்ரிலோகெய்ன் என்ற இரண்டு மருந்துகள் கலந்தது. நரம்பு இழையில் செய்தி ஓட வேண்டுமென்றால், உப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் மிகச் சிறிய துளைகள் வழியாக இழைக்குள் பாய வேண்டும். லிடோகெய்ன் போய் அந்தத் துளைகளை அடைத்துக்கொள்கிறது. சோடியம் பாயவில்லை, செய்தி கிளம்பவே இல்லை. ஏன் ஒரு மணி நேரம்? நம் தோல் அவ்வளவு எளிதில் எதையும் உள்ளே விடாது. அவசரப்பட்டுப் பத்தே நிமிடத்தில் பிய்த்தால் மந்திரம் பலிக்காது. ஆழமான தசையில் போடும் ஊசிக்கு, மேல்தோல் மரத்திருந்தாலும் உள்ளே அமுக்குவது தெரியும்.

இனி, கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற விஷயம்.

சென்னை எழும்பூரில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஓர் அம்மா. கட்டிலுக்குக் கீழே பை, ஃபிளாஸ்க், தட்டு. அப்பா வாசலில். ஆச்சி ஊரிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருப்பார். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வருவதை நம்மால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஜெர்மனியில் இது வெகுகாலம் நடந்தது. 1960கள் வரையிலும்கூடப் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, குறித்த நேரத்தில்தான் பார்க்கலாம். சில இடங்களில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் அம்மா, அந்தப்பக்கம் பிள்ளை.

ஈவிரக்கம் இல்லாததால் இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. காரணம் கிருமி. பெர்லினில் 1890இல் குழந்தைகளுக்கென்று ஒரு பெரிய மருத்துவமனை கட்டியபோது ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் தனித்தனிக் கட்டடம் எழுப்பினார்கள். தொண்டை அடைப்பான் வந்தால் தொண்டைக்குள் சவ்வு படர்ந்து மூச்சே அடைத்துவிடும். ஏராளமான பிள்ளைகள் அதில் இறந்தார்கள். அந்த வருடம்தான் எமில் பேரிங்கும் ஷிபாசாபுரோ கிடாசாட்டோவும் பெர்லினில் அதற்கு மாற்று மருந்து உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், பேரிங்குக்குப் போனது. வெளியிலிருந்து வருபவர் கிருமியோடு வருவார் என்ற பயம் அந்தக் காலத்தில் நியாயமானது. தடுப்பூசிகள் வந்தன, ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தன. பயம் குறைந்த பிறகும் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. அம்மா வந்துபோனால் பிள்ளை அழுகிறது; வராவிட்டால் இரண்டொரு நாளில் அமைதியாகிவிடுகிறது; ஆகவே வராமல் இருப்பதே மேல்! இது தப்பு என்று படம் பிடித்தே காட்டினார் லண்டனில் இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன். 1952இல் அவர் வெளியிட்ட படத்தில் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அடம் பிடிப்பதில்லை. கரடியையும் போர்வையையும் பிடித்துக்கொண்டு, அழுகையை விழுங்கி விழுங்கி, அம்மா வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த அமைதிக்குப் பெயர் சமாதானம் இல்லை என்பதைப் படம் பார்த்தவர்கள் கண்டார்கள். டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜெர்மனியில் 1968இல் பெற்றோர்களே ஓர் இயக்கம் தொடங்கிப் போராடினார்கள். 1988இல் ஐரோப்பிய அமைப்புகள் லைடன் நகரத்தில் கூடி, மருத்துவமனையில் குழந்தைகளுக்கு உள்ள உரிமைகளைப் பத்து அம்சங்களாக எழுதின. பெற்றோர் எப்போதும் கூட இருக்கலாம் என்பது அதில் ஒன்று. நடக்கப்போவதைக் குழந்தைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று.

இப்போது ஜெர்மனியில் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மடக்குக் கட்டில் போடுகிறார்கள். வேலைக்குப் போக முடியாததால் சம்பளம் போகுமே? 2024 முதல், மருத்துவக் காரணத்துக்காகப் பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையோடு மருத்துவமனையில் தங்கும் பெற்றோருக்கு, அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், அத்தனை நாளுக்கும் உதவித்தொகை உண்டு. நம் ஊரில் அம்மா இருப்பதை யாரும் தடுப்பதில்லை; ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து தரையில் துண்டு விரித்துப் படுக்கும் அம்மாவுக்கு அன்றைய கூலியை யாரும் தருவதும் இல்லை. இந்த விஷயத்தில் நாம் அவர்களைப் பார்த்துக் கற்க வேண்டும்.

வெகுதூரத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கும் வீடுகளும் உண்டு. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 1974இல் தொடங்கிய ரொனால்ட் மெக்டொனால்ட் வீடுகள் ஜெர்மனியில் 1990இல் கீல் நகரத்துக்கு வந்தன. எஸன் நகரத்தில் இருக்கும் வீட்டை ஆஸ்திரிய ஓவியர் ஹுண்டர்ட்வாஸர் வடிவமைத்தார். அவருக்கு நேர்கோடு என்றாலே ஆகாது. சுவர் வளைகிறது, ஜன்னல்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை, கூரைமேல் புல்லும் மரமும், உச்சியில் தங்கநிறக் குமிழ் கோபுரம். ஓவியர் 2000இல் இறந்துவிட்டார். வீடு 2005இல் திறந்தது. தம்பிக்கு ஆபரேஷன் நடக்கும்போது அக்கா எங்கே தூங்குவாள், யார் சமைப்பார்கள் என்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்று நினைத்த யாரோதான் இதைக் கட்டியிருக்க முடியும்.

குறை மாதத்தில் பிறந்த பாப்பாக்கள் கதை இன்னும் சுவாரசியம். சூடான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் அவர்களை வளர்ப்பார்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் பெட்டிகள் போதவில்லை. எட்கார் ரே என்ற டாக்டர், பாப்பாவை அம்மாவின் வெற்று மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. அம்மாவின் உடம்புச் சூடே பாப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. மூச்சும் இதயத்துடிப்பும் சீரானது. பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லாத ஜெர்மன் மருத்துவமனைகளிலும் இன்று அம்மாவும் அப்பாவும் மாறி மாறிப் பாப்பாவை மார்பில் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பணக்கார நாடு ஏழை நாட்டிடம் படித்த பாடம்.

சில இடங்களில் அந்தப் பாப்பாக்களின் கையில் நூலால் பின்னிய குட்டி ஆக்டோபஸ் பொம்மையும் இருக்கும். டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம். மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்காமல் பாப்பா ஆக்டோபஸின் காலைப் பிடித்துக்கொள்ளும். அது தொப்புள்கொடியை நினைவூட்டுகிறது என்று சொல்கிறார்கள். அழகான கதைதான். ஆனால் கங்காரு முறைக்கு இருக்கும் அளவு உறுதியான ஆதாரம் இதற்கு இல்லை. அழகாக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா? குறுகலான குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். டம் டம் டம் என்று காதைப் பிளக்கும் சத்தம். காந்தப் புலத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வரும் சத்தம் அது. சின்னப் பிள்ளை அசைந்தால் படம் கலங்கிவிடும். அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். இங்கே பெரிய உதவி செய்தவர் கோட்டிங்கன் நகரத்து இயற்பியலாளர் யென்ஸ் ஃப்ராம். அவரும் சக விஞ்ஞானிகளும் 1985இல் கண்டுபிடித்த ‘ஃபிளாஷ்’ என்ற முறை, படம் எடுக்கும் நேரத்தை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைத்தது. அதோடு, ஸ்கேனுக்கு முன்பே அந்த டம் டம் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுக் காட்டுவார்கள், பொம்மை இயந்திரத்துக்குள் பொம்மையை அனுப்பிப் பார்ப்பார்கள். முன்னால் சொன்ன அட்டைப்பெட்டி ஆஸ்பத்திரிதான், இந்தமுறை நிஜ ஆஸ்பத்திரிக்குள்.

நீண்டகாலம் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கு ‘தைரிய மணி’ மாலை ஒன்று தருகிறார்கள். முதலில் பெயர் எழுத்துக்கள் கொண்ட மணிகள். பிறகு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி: இரத்தம் எடுத்தால் ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று, ஆபரேஷனுக்கு ஒன்று, முடி கொட்டினால் அதற்கும் ஒன்று. சிகிச்சை முடிந்தால் தனிச் சிறப்பான மணி. மாலை நீண்டுகொண்டே போகும். பார்க்க வந்தவர் “எப்படி இருக்கே?” என்று கேட்டால், பிள்ளை பேசவேண்டியதுகூட இல்லை, மாலையை எடுத்து ஒவ்வொரு மணியாகக் காட்டலாம்.

பள்ளிக்கூடம்? அங்கே மருத்துவமனைக்கு உள்ளேயே பள்ளி உண்டு. ஆசிரியர் கட்டிலுக்கே வந்து கணக்குச் சொல்லித் தருவார். (ஆமாம், தப்பிக்க முடியாது.) ஆனால் பிள்ளைகள் ஏங்குவது கணக்குக்காக மட்டுமா? வகுப்பு நண்பர்களுக்காக அல்லவா? அதற்காகச் சில பள்ளிகளில் ஒரு சின்ன வெள்ளை ரோபோ வந்திருக்கிறது. பெயர் ஏவி1. நார்வே நாட்டுத் தயாரிப்பு. தலையும் தோளும் மட்டும்தான். வகுப்பில் அந்தப் பிள்ளையின் இடத்தில் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தபடியே டேப்லெட்டைத் தொட்டு அதன் தலையைத் திருப்பலாம், கரும்பலகையைப் பார்க்கலாம், பக்கத்து மேசை நண்பனிடம் கிசுகிசுக்கலாம். பதில் தெரிந்தால் ரோபோவின் தலையில் விளக்கு மின்னும். அது கைதூக்குவதற்குச் சமம். இன்று முடியவில்லை, சும்மா கேட்கிறேன் என்றால் விளக்கு நீலமாகும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதில் திரை கிடையாது. பிள்ளை வகுப்பைப் பார்க்கும். வகுப்பு பிள்ளையைப் பார்க்காது. முடி கொட்டியிருக்கலாம், மூக்கில் குழாய் இருக்கலாம், முகம் வீங்கியிருக்கலாம். காட்டுவதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். சில ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தயக்கம் உண்டு. வகுப்பில் நடப்பதை ஒரு கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறதே என்று. அது எதையும் பதிவு செய்வதில்லை, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் நேரலையில் காட்டுகிறது என்று விளக்கிச் சொல்லி அனுமதி வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. இடைவேளை மணி அடித்தால் ரோபோவையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு விளையாட்டுத் திடலுக்கு ஓடிவிடுகிறார்கள்.